பாண்டீஸ்வரி சொன்ன ‘விடு’

பெண்பிள்ளைகள் வெளியூர் போனால் துணைக்கு ஒரு பெண் ஆசிரியர் போக வேண்டும் என்பது எங்கள் கல்லூரியில் எழுதாத சட்டம். கைக்குழந்தை இல்லாதவர், வீட்டில் நோயாளி இல்லாதவர், எதிர்த்துப் பேசாதவர் என்று சலித்துச் சலித்து ஆளைப் பிடிப்பார்கள். மூன்றாவது தகுதி எனக்குச் சுத்தமாகக் கிடையாது. இருந்தும் சாஃப்ட்பால் அணியை என் தலையில் கட்டினார்கள். நான் தமிழ்த்துறை, பெயர் உமாதேவி. பந்து விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சொல்லை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவது மட்டும்தான்.

அப்படித்தான் பாண்டீஸ்வரி எனக்குப் பழக்கமானார். போன ஜூன் மாதம் எங்கள் கல்லூரிக்குச் சாஃப்ட்பால் பயிற்சியாளராக வந்து சேர்ந்தவர். உத்தமபாளையத்தில் பஸ் இறங்கி, தோளில் ஒரு நீளப் பையுடன் வெயிலில் நடந்து வந்தார். வாட்ச்மேன், குழாய் ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்து மோட்டார் ரூமைக் காட்டியிருக்கிறார். பாண்டீஸ்வரியும் மறுபேச்சு இல்லாமல் போய் மோட்டாரைப் பார்த்திருக்கிறார். வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் முதல்வர் அறை எங்கே என்று கேட்டாராம்.

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. பதினோரு வருஷமாக அவர் கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்றுக்கொண்டிருந்தவர். கணவர் ராஜபாண்டியின் கடை. அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று திராட்சைத் தோட்டக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு நாள் போனது. ஒரு காலத்தில் மாநில அணிக்கே ஆடிக் கொடுத்த அலுமினிய மட்டை, கடையின் ஷட்டர் பாதியில் இறங்கிவிடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் அவர் கதையே வேறு. சொந்த ஊர் வடுகபட்டி. அப்பா ஒச்சாண்டி பூண்டு மண்டியில் எடைபோடுகிறவர். பாண்டீஸ்வரி ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்துச் சாமான் கேட்டு எழுதிப் போட, சாஃப்ட்பால் சாமான் வந்து இறங்கியது. திருப்பி அனுப்ப யாருக்கும் பொறுமை இல்லை. வந்ததை வைத்து ஆடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆடியதில் இந்தப் பிள்ளை மட்டும் தனியாகத் தெரிந்தது. அடித்ததால் அல்ல, அடிக்காமல் நின்றதால். கண்ட பந்துக்கும் மற்றவர்கள் மட்டையை வீச, இவர் நல்ல பந்து வரும்வரை கையைக் கட்டாத குறையாக நிற்பாராம். வந்துவிட்டால் ஒரே வீச்சு. பந்து போடுகிறவளுக்குத்தான் கை நடுங்குமாம். மாநில அணி, தேசியப் போட்டி, வடக்கே ஏதோ ஒரு ஊரில் வெள்ளிப் பதக்கம் என்று போனது. இவர் மட்டையோடு வந்தால் டீ விற்கிறவர்கூட கெண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பாராம். இதையெல்லாம் அவர் என்னிடம் பெருமையாகச் சொல்லவில்லை. வேறு யாருடைய கதையையோ விசாரித்துச் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரி வந்துவிட்டார், இனிமேல் கோப்பைகளை வைக்க அலமாரி செய்ய வேண்டியதுதான் என்று நாங்கள் நினைத்தோம். முதல் நாள் அப்படித்தான் இருந்தது. மட்டையை வாங்கி, போட்ட பந்தையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டத்துக்கு அனுப்பினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தோட்டக்காரர் அழகுமலை பந்துகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தினமும் இப்படித்தானா என்று கவலையாகக் கேட்டார்.

மறுநாள் தொல்லை ஆரம்பித்தது. எந்தப் பந்தை அடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல பந்தை என்றார் பாண்டீஸ்வரி. எது நல்ல பந்து என்றார்கள். வரும்போதே தெரியுமே என்றார். எங்களுக்குத் தெரியவில்லையே என்றார்கள். அவருக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. கோபமும் வரவில்லை. பிள்ளைகள் மக்கா, நான் மக்கா என்று புரியாத முகத்தோடு மரத்தடியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தான் எப்படி அடிக்கிறோம் என்று கவனித்துப் பார்த்து, அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை அவருக்கு. மட்டையைப் பிடித்து நின்று தன்னையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். கண் எங்கே போகிறது, தோள் எப்போது திரும்புகிறது என்று. விளைவு, பந்து தப்பியது. அடுத்ததும் தப்பியது. நடக்கும்போது எந்தக் காலை எடுத்து வைக்கிறோம் என்று யோசித்தால் சமதரையிலும் தடுக்கும் இல்லையா, அது மாதிரி. ஆடி மாதம் முடிவதற்குள், எங்கள் அணியில் சுமாராக அடிக்கிற பிள்ளை அளவுக்கு அவர் வந்து நின்றார். அழகுமலைக்கு மட்டும் நிம்மதி.

“முன்னாடியெல்லாம் கை அது பாட்டுக்குப் போகும் மேடம். இப்பப் போகட்டுமான்னு என்னையக் கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?” என்றார் ஒருநாள்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார். சிரித்ததற்காக எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

பந்தை அடித்தவள் ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு பேஸ் என்று பெயர்; மூன்றையும் தொட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு ரன். ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் மூன்றாவது பேஸ் பக்கத்தில் நின்று, மட்டை பிடிக்கிற பிள்ளைக்குச் சைகை காட்டலாம். மற்ற கல்லூரிகளில் தொப்பியைத் தொட்டால் ஒன்று, முழங்கையைத் தடவினால் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். பாண்டீஸ்வரியும் அப்படி ஒரு பத்துச் சைகை கற்றுக்கொடுத்தார். ஒரு பயிற்சி ஆட்டத்தில் காதில் கொசு கடித்ததென்று சொறிந்தார். இரண்டாவது பேஸில் நின்ற பிள்ளை மூன்றாவதுக்கு ஓடி வந்து அவுட் ஆனாள். நீங்கதானே ஓடச் சொன்னீர்கள் என்று அழுகை வேறு. அன்றோடு சைகையைத் தலைமுழுகிவிட்டு வாயால் கத்துவது என்று முடிவானது.

கத்துவதற்கு அவரிடம் இருந்தது ஒரே சொல். ‘விடு.’ கெட்ட பந்து வருகிறது, தொடாதே என்று அர்த்தம். கத்தாமல் இருந்தால் உன் பாடு, பார்த்துக்கொள் என்று அர்த்தம். பந்து போடுகிறவளின் தோள் திரும்புவதை வைத்தே அது எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண் மட்டும் இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று நம்பினார். சொல்லிக்கொடுக்க முடியாவிட்டாலும், பிள்ளைகளுக்குப் பதிலாகத் தான் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு சமாதானம். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. தமிழ் எம்.ஏ. படித்து, வகுப்பில் வாரம் தவறாமல் ஒரு சொல்லுக்குப் பல பொருள் நடத்துகிற எனக்கு, அந்தச் சொல்லில் ஒரு குழி இருக்கிறது என்று உறைக்கவில்லை.

இதற்கிடையில் முதல்வர் சுகிர்தம் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷிதான், ஆனால் வளைத்துப் பேசத் தெரியாது. மூன்று வருஷமாகச் சாஃப்ட்பாலில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்த வருஷமும் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்கு வந்தால், அடுத்த ஜூனிலிருந்து சாஃப்ட்பால் கிடையாது, அந்த இடத்தில் த்ரோபால் போட்டுவிடலாம், அதற்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்றார். பாண்டீஸ்வரி தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

கடை இருக்கிறதே, வீட்டுக்காரர் தங்கமானவர்தானே, எதற்கு இப்படி முகம் வாடுகிறது என்று கேட்டேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைப்பு எனக்கு.

“கடை எங்கயும் போயிராது மேடம். அவுகளும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஆனா இந்த வயசுல என்னைய எந்த டீம்ல சேப்பாக? கிரவுண்டுல நிக்கிறதுக்கு எனக்கு இனிமே வேற சாக்கு கெடையாது.”

அதற்கு அப்புறம் நான் ஆறுதல் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

போட்டி தேனியில் நடந்தது. எங்களுக்கு எதிராக மதுரையிலிருந்து வந்த ஓர் அணி. அவர்கள் பையே எங்கள் வேனைவிடப் புதுசாக இருந்தது. மட்டை பிடிப்பவளுக்கு அடிக்கத் தோதான உயரத்தில், நேராக வந்தால் நல்ல பந்து. நல்ல பந்து மூன்றைக் கோட்டை விட்டால் அவுட். தாறுமாறாக நாலு பந்து வந்தால் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ஆறு மாதம் மரத்தடியில் உட்கார்ந்ததில் இந்த அளவுக்கு நான் தேறியிருந்தேன்.

எங்கள் பிள்ளைகள் அன்றைக்கு என்னவோ சாமி வந்த மாதிரி ஆடினார்கள். மதுரைக்காரிகள் ஏறுவதும் நாங்கள் எட்டிப் பிடிப்பதுமாகக் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டது. ஒரு ரன் பின்னால் இருந்தோம். இன்னும் ஒருத்தி அவுட் ஆனால் கதை முடிந்தது. ஆனால் மூன்று பேஸிலும் எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவள் கயல்.

கயல் முதல் வருஷம். கம்பம்தான் ஊர், அப்பா கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர். ஆள் வாட்டசாட்டம், தைரியம்தான் கோழிக்குஞ்சு அளவு. மட்டையை எடுத்தவள் அதைத் தலைகீழாகப் பிடித்தாள். பாண்டீஸ்வரி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். பயப்படாதே ஆத்தா, நல்ல பந்தா வந்தா ஒண்ணு விடு என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மூன்றாவது பேஸுக்கு ஓடினார். பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்ற என் காதிலும் அது விழுந்தது.

மூன்று கெட்ட பந்தும் இரண்டு நல்ல பந்தும் போய்விட்டன. இனி ஒன்றே ஒன்று. அது கெட்ட பந்தாக இருந்து கயல் தொடாமல் நின்றால், அவள் முதல் பேஸுக்கு நடக்க, மற்றவர்களும் ஆளுக்கு ஒரு பேஸ் நகர்ந்து, ஒரு ரன் கிடைத்துச் சமமாகும். நல்ல பந்தாக இருந்து தொடாமல் நின்றால் எல்லாம் போச்சு. மதுரைப் பெண்ணின் கை ராட்டினம் மாதிரி சுற்றியது. பந்து கையிலிருந்து கழல்வதற்கு முன்னாலேயே பாண்டீஸ்வரி தொண்டை கிழியக் கத்தினார்.

“விடு!”

கயல் விட்டாள். அவள் அப்பா ஜீப்புக்குக் கியர் போடுகிற வேகத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். இரண்டு பெண்களுக்கு நடுவே பந்து தரையோடு சீறிக்கொண்டு போனது. ஒருத்தி வந்தாள், அவளுக்குப் பின்னாலேயே இன்னொருத்தியும் வந்தாள். ஜெயித்துவிட்டோம். பிள்ளைகள் செம்மண்ணில் புரண்டார்கள். நானும் ஏதோ கத்தினேன், என்னவென்று ஞாபகமில்லை.

மதுரை அணியின் பயிற்சியாளர் வந்து பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரத்தில் அடிக்கச் சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும், நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். முதல்வருக்குப் போன் போட்டேன். சந்தோஷத்தில் அவர் குரலே மாறிவிட்டது. த்ரோபால் பேச்சே இனி இல்லை, அடுத்த வருஷமும் பாண்டீஸ்வரிதான் என்று அவரிடமே சொல்லச் சொன்னார். சொன்னேன். பாண்டீஸ்வரி சரிங்க மேடம் என்றார். தப்பான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பவர் முகம் அப்போது அவருக்கு.

மதியம் அடுத்த ஆட்டத்தில் வேறோர் அணிக்காரிகள் எங்களைத் துவைத்துத் தொங்கவிட்டார்கள். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பரோட்டா வாங்கிக் கொடுத்து, எல்லாரையும் எண்ணி வேனில் ஏற்றினேன். வீரபாண்டியைத் தாண்டும்போது பாண்டீஸ்வரி என் காதருகே வந்து, நான் அடிக்கச் சொல்லவில்லை, விட்டுவிடத்தான் சொன்னேன் என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலை சுற்றியது. ஒண்ணு விடு என்றால் ஓங்கி அடி. வெறும் விடு என்றால் தொடாதே. அந்தப் பிள்ளை முன்னால் கேட்டதையும் பின்னால் கேட்டதையும் சேர்த்துப் புரிந்துகொண்டிருக்கிறாள். இவர் சொன்னபடி நின்றிருந்தால்? அது நல்ல பந்தா கெட்ட பந்தா என்று கேட்டேன். நட்டநடுவில் வந்த நல்ல பந்து என்றார். வெளியே போகும் என்று நினைத்தாராம், நேராக வந்துவிட்டது. கயல் அவர் சொல்லைக் கேட்டிருந்தால் தோற்றிருப்போம். கேட்காததால் ஜெயித்தோமா, தப்பாகக் கேட்டதால் ஜெயித்தோமா? அங்கேயே எனக்கு யோசனை சிக்கிக்கொண்டது.

“விடுங்க பாண்டீஸ்வரி,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்புறம் எழுந்தார். எங்கே என்றேன். கயலிடம் சொல்ல வேண்டும் என்றார். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். இது முதல்வர் காதுக்குப் போனால் கோச்சுக்கே பந்து தெரியவில்லை என்று ஆகிவிடும், கிடைத்த வேலையை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எனக்கு அவ்வளவு கோபம். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி பின் சீட்டுக்குப் போனார்.

அவர் சொல்லி முடித்ததும் கயல் பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள்.

“அப்ப நான் தப்பாவா அடிச்சேன் மேடம்?”

இல்லை ஆத்தா, நீ அடித்ததுதான் சரி, நான் சொன்னதுதான் தப்பு என்றார். சரியாக அடித்தேனா, சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா என்று அவள் மறுபடி கேட்டாள். இரண்டும்தான் என்றார். அதைக் கேட்டு அவள் அழுகை கூடியது. வேன் முழுக்கக் குழம்பிவிட்டது. கேப்டன் பஞ்சம்மாள், மேடம் அடிக்கத்தான் சொன்னார்கள், என் காதால் கேட்டேன் என்று சத்தியம் செய்தாள். இன்னொருத்தி, மேடம் ஒன்றுமே சொல்லவில்லை, கத்தியது நான் என்றாள். டிரைவர் வேறு கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, ஜெயிச்சாச்சா இல்லையா என்றார்.

“நான் பந்த எப்பயும் எதுக்க நின்னுதான் பாத்திருக்கேன்,” என்றார் பாண்டீஸ்வரி. “என்னையப் பாத்து வரும். அது எங்குட்டுப் போகும்னு எனக்குத் தெரியும். இப்ப மூணாவது பேஸுல நிக்கிறேன்ல, அங்கன இருந்து பக்கவாட்டுல பாத்தா அது வேற பந்தா இருக்குது. இத்தன நாளா அதே பந்துன்னு நெனச்சுக் கத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். புரிந்து அடங்கினார்களா, புரியாமல் அடங்கினார்களா தெரியாது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஊரே வேடிக்கை பார்த்த அந்தக் கண்ணை, தன்னிடம் மிச்சம் இருப்பதாக அவர் நம்பிய ஒன்றே ஒன்றை, இந்தப் பிள்ளைகள் முன்னால் அவரே எடுத்துக் கீழே வைக்கிறார். அதைத் தடுக்கப் போன நான் எவ்வளவு பெரிய அசடு.

கயல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யாரும் எதிர்பாராத கேள்வி ஒன்றை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்டாள்.

“அடுத்த மேட்ச்சுல நீங்க விடுன்னு சொன்னீகன்னா, நான் அடிக்கவா விடவா மேடம்?”

சின்னமனூர் கடைவீதி ஜன்னலில் வந்து போனது. ஆளாளுக்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இதற்கு ஒரு பதில் இல்லாவிட்டால் அந்த வேலைக்கு அவர் எதற்கு? எனக்கே அந்தக் கேள்வி வந்துவிட்டது.

“நான் கத்தத்தான் செய்வேன்,” என்றார் கடைசியில். “கத்தாம நிக்க என்னால முடியாது. அது எம் பயம். நீ பந்தப் பாரு.”

“உங்களப் பாக்க வேணாமா?”

பாண்டீஸ்வரியின் கை சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

“வேணாம் ஆத்தா,” என்றார். “என்னையப் பாக்காத.”